நாலு தந்தி, இரண்டு சிப்பம்

எங்கள் வீட்டு நெல் கணக்கு நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து படித்தால் பேஸ் கிட்டார் கணக்கு வரும். முன்பக்கத்தில் விதை, உரம், நடவுக் கூலி, அறுப்பு மிஷின் வாடகை. பின்பக்கத்தில் ஸ்ட்ரிங், ஈயம், ஜாக், உப்புத்தாள். முதல் வரி 2016 ஜூன். 2024 ஜூனில் இரண்டு கணக்கும் நடுப்பக்கத்தில் வந்து முட்டிக்கொண்டன. புது நோட்டுப் போடுவதற்கு முன் எட்டு வருடத்தையும் கூட்டிப் பார்த்தேன். மொத்தத் தொகை பெரிதாகப் படவில்லை. அது எங்கெங்கே போயிருக்கிறது என்று பார்த்தபோதுதான் எழுதத் தோன்றியது.

திருக்காட்டுப்பள்ளியில் பேஸ் வாசிக்கிறேன் என்றால் வெளியூர்க்காரர்கள் வியப்பார்கள். உள்ளூரில் அது செய்தியே இல்லை. பக்கத்தில் பூண்டி மாதா பேராலயம், சுற்றிலும் பங்குக் கோயில்கள், ஒவ்வொன்றிலும் ஞாயிறு பூசைக்கு ஒரு பாடகர் குழு. அம்மன் கோயில் திருவிழா என்றால் மெல்லிசைக் கச்சேரி. கீபோர்டும் தபேலாவும் இருக்கிற மேடையில் ஓரமாக ஒரு பேஸும் நிற்கும். இளையராஜா பாட்டைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அடித்தந்தி இல்லாமல் பாட்டு நிறைவதில்லை. பல்லவியைப் பாடகர் ஒரு வழியில் கொண்டுபோக, கீழே பேஸ் இன்னொரு மெட்டைத் தனியாகப் பாடிக்கொண்டே வரும். அந்த ஒலிப்பதிவுகளில் பேஸ் வாசித்த சசிதரனையும், ரகுமான் பாடல்களில் வாசித்த கீத் பீட்டர்ஸையும் பெயர் தெரியாமலேயே மினி பஸ்ஸில் கேட்டுத்தான் நான் இந்தக் கருவிக்கு வந்தேன்.

முதல் வரி இது: பழைய பேஸ் ஒன்று, திருச்சியில் கைமாற்றாக வாங்கியது, 6,500 ரூபாய். யார் கேட்டாலும் இந்த ஒரு வரியைத்தான் கேட்பார்கள். "என்ன விலை ஆச்சு?" அதற்கு அடுத்து எட்டு வருடம் வருகிறது. ஸ்ட்ரிங் 7 செட், சராசரி 1,550 வீதம் 10,850. கேபிள் 5, ஒன்று 350 வீதம் 1,750. ஜாக் 3, வால்யூம் பாட் 4, ஒரு கெபாசிட்டர், ஈயம், எல்லாம் சேர்ந்து 745. பிக்கப்புக்குக் கம்பிச் சுருள் 700. ஃப்ரெட் (விரல்பலகையில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பி) தேய்க்க அரம் வகையறா 1,850. வாங்கிய விலையையும் சேர்த்தால் 22,395. ஆம்ப் பாடகர் குழுவுடையது, அது என் கணக்கில் வராது.

இதில் வாங்கிய விலை நூற்றுக்கு 29 பங்கு. ஸ்ட்ரிங் மட்டும் 48 பங்கு. கருவியைவிட அதில் கட்டும் கம்பி ஒன்றரை மடங்குக்கும் மேல் தின்றிருக்கிறது. ஒரு செட் சராசரியாக 14 மாதம் உழைத்திருக்கிறது. அதுவும் இடையிடையே கழற்றிக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டெடுத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி மாட்டியதால். சுற்றுக்கம்பியின் இடுக்கில் வியர்வையும் அழுக்கும் புகுந்துவிட்டால் தந்தி மந்தமாகும், கொதிநீர் அதைக் கிளப்பிவிடும். கணகணப்பு சில வாரம் திரும்பி வரும். 11 முறை கொதிக்க வைத்ததாக நோட்டில் இருக்கிறது. அந்தப் பதினொன்றும் இல்லாமல் இருந்தால் இன்னும் மூன்று நாலு செட் வாங்கியிருப்பேன்.

மாதத்துக்குப் பிரித்தால் 233 ரூபாய். ஒரு நாளைக்கு அரை மணி வாசிப்பு என்று பிடித்தால் எட்டு வருடத்தில் 1,460 மணி நேரம், மணிக்கு 15 ரூபாய் 34 காசு. கடைத்தெருவில் ஒரு டீ. வரவுப் பத்தியில் 14 கச்சேரி, ஒன்றுக்கு 800 வீதம் 11,200 இருக்கிறது. பூசைக்கு வாசிப்பதற்குப் பணம் வாங்குவதில்லை. ஆக, கையை விட்டுப் போனது 11,195.

இனி தலைப்புக்கு வருகிறேன். சாதாரண கனமுள்ள நாலு தந்திகளைச் சரியான சுருதிக்கு முறுக்கினால் அவை கழுத்தை இழுக்கும் விசை ஏறக்குறைய 75 முதல் 80 கிலோ. டி தந்தி மட்டும் 23 கிலோ இழுக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் பிடிப்பது 40 கிலோ சிப்பம். அப்படி இரண்டு சிப்பத்தை இரண்டு விரல் பருமனுள்ள மரச்சட்டத்தின் நுனியில் கட்டி, இரவும் பகலும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், எட்டு வருடம் நீளவாக்கில் இழுக்கவிட்டதற்குச் சமம். பேஸின் கழுத்து வளைகிறதே என்று யாராவது குறைப்பட்டுக்கொண்டால் நான் இந்தச் சிப்பக் கணக்கைத்தான் சொல்வேன். அது வளையாமல் நிற்கிறதே என்றுதான் வியக்க வேண்டும்.

நிற்பதற்குக் காரணம் உள்ளே ஓடும் இரும்புக் கம்பி, ட்ரஸ் ராடு. 5 மி.மீ. ஆலன் கீ போட்டுக் கால் சுற்றுத் திருப்பினால் கழுத்து நிமிரும் அல்லது தளரும். முழுக்க நேராகவும் இருக்கக் கூடாது. தந்தி அதிர இடம் வேண்டும். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒருசேர அழுத்தினால் நடுவில், எட்டாவது ஃப்ரெட்டின் தலைமேல், 0.3 மி.மீ. இடைவெளி நிற்க வேண்டும். இதை அளக்க நான் தனியாக எதுவும் வாங்கவில்லை. பைக் மெக்கானிக் டேப்பட் செட்டிங் பார்க்கும் ஃபீலர் கேஜ் போதும். கடன் வாங்கி அளந்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன்.

அந்த 0.3 இந்த ஊரில் நிலையாக நிற்பதில்லை. காவிரியிலிருந்து குடமுருட்டி பிரியும் இடம் இது. தண்ணீர் வந்துவிட்டால் ஊரைச் சுற்றி ஆறு, வாய்க்கால், நடவு வயல். ஐப்பசி அடைமழையில் என் அளவு 0.55 வரை போயிருக்கிறது. சித்திரையில் 0.2. என் கழுத்து ஈரத்தில் முன்பக்கம் வளைகிறது. எல்லாக் கழுத்தும் இப்படியே நடக்காது, மரத்தின் வரியைப் பொறுத்து மாறும். எட்டு வருடத்தில் 31 முறை கால் சுற்று. செலவுப் பத்தியில் அதற்கு நேரே சுழி.

மரம் ஏன் நகர்கிறது என்பதற்கு எளிய கணக்கு உண்டு. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காடாக இருக்கும் இடத்தில் நாள்பட வைத்த மரத்தின் ஈரம் 9 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். காற்று 80 ஆனால் மரம் 15, 16-க்கு ஏறும். இடையில் 6 புள்ளி. விரல்பலகைக்குப் போடும் ஈட்டி மரம் பச்சையிலிருந்து எலும்பாகக் காய்ந்தால் வளைய வரியின் போக்கில் 5.8 விழுக்காடும், வளையத்துக்குக் குறுக்கே 2.7 விழுக்காடும் சுருங்கும். 6 புள்ளி என்பது அந்த முழுப் பயணத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே 60 மி.மீ. அகலப் பலகை பருவத்துக்குப் பருவம் ஒரு வெட்டில் 0.7 மி.மீ., மற்றொரு வெட்டில் 0.3 மி.மீ. அகன்று சுருங்கும். உலோக ஃப்ரெட் சுருங்காது. கோடையில் மரம் உள்வாங்க, ஃப்ரெட் நுனிகள் ஓரத்தில் முள்ளாக நீட்டிக்கொள்ளும். மே மாதம் பூண்டித் திருவிழா சமயத்தில் இடது கை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் கீறல் விழுவது இதனால்தான். சிறிய அரத்தால் 40 நுனியையும் சாய்வாக ஒரு முறை தேய்த்துவிட்டால் போதும். அதன் பிறகு மழையில் மரம் அகன்றாலும் அடுத்த கோடையில் குத்தாது. அரை நாள் வேலை. இதற்காகவே பேஸை விற்றுவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும்.

2018-இல் பிக்கப் செத்தது. பேஸின் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பி, அவ்வளவுதான். ஆனால் கம்பியின் அளவைக் கேட்டால் தலை சுற்றும். தடிப்பு 0.063 மி.மீ. இரண்டு சுருள், ஒவ்வொன்றிலும் 10,000 சுற்று. முழுதும் சேர்ந்து மின்தடை பத்தரைக் கிலோஓம். இந்தக் கம்பிக்கு மீட்டருக்கு 5.44 ஓம் தடை, ஆகவே நீளம் 1,930 மீட்டர். கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் கம்பி ஒரு தீப்பெட்டிக்குள் அடங்குகிற இடத்தில் சுற்றப்பட்டிருக்கிறது. எடை 55 கிராம். செம்பு கிலோ ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலும் 55 ரூபாய்ப் பொருள்.

டெல்டாவில் எந்தக் கடைத்தெருவிலும் மோட்டார் காயில் கட்டும் பட்டறை இருக்கும். போர்செட் மோட்டார் எரியாத கோடை இல்லை. நம் பட்டறைக் கணக்கில் 46 கேஜ்தான் இந்த அளவுக்குக் கிட்டத்தில் வரும். 250 கிராம் சுருள் பார்சலில் வரவழைத்து எடுத்துப் போனேன். பட்டறைக்காரர் விரலில் வைத்துப் பார்த்தார். "தம்பி, இது கம்பியா தலைமயிரா?" என்றார். "கம்பிதாண்ணே" என்றேன். எண்ணும் முள் வைத்த கைச்சுற்றி அவரிடம் இருந்தது. மோட்டார் கம்பியை இழுத்துப் பிடித்துச் சுற்றிப் பழகிய கை அவருடையது. அந்த இழுப்பை இந்தக் கம்பி தாங்குமா என்று இருவருக்கும் பயம். அவர் வாயைத் திறக்காமல், மூச்சைப் பிடித்தபடி, பஞ்சு வைத்த இரு விரலுக்கிடையே கம்பியை ஓடவிட்டுச் சுற்றினார். இரண்டு சுருளும் அறுபடாமல் முடிந்தன. கூலி வாங்க மறுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மாட்டினால் பேஸ் பாடியது, கூடவே ஒரு ரீங்காரமும். அதைத் தீர்க்க இரண்டு வாரம் ஆயிற்று. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். இடைவெளி ஒன்று. ஆகவே அந்த ஒரு சுரத்தைப் பிடித்தால் மட்டும் ரீங்காரமும் சுரமும் உரசி நொடிக்கு ஒரு முறை அலை அலையாக ஏறி இறங்கும். முதலில் தந்தி பழுது என்று நினைத்தேன். பிறகு எர்த் என்று நினைத்து உள்ளே செப்புத் தகடு ஒட்டினேன். உண்மையில் இந்த வகைப் பிக்கப்பில், ஃபெண்டர் நிறுவனம் 1957-இல் கொண்டுவந்த இரட்டைத் துண்டு அமைப்பில், ஒரு சுருளின் ரீங்காரத்தை இன்னொன்று எதிர்த்திசையில் சமன் செய்ய வேண்டும். நான் இரண்டையும் ஒரே திசையில் இணைத்திருந்தேன். ஒவ்வொரு சுருளும் இரண்டு தந்திக்கு மட்டுமே பொறுப்பு என்பதால் வாசிப்பில் வித்தியாசமே தெரியாது, இரைச்சல் மட்டும் நிற்கும். இரண்டு ஒயரை இடம் மாற்றிப் பற்றவைத்தேன். இரைச்சல் அணைந்தது. செலவு சுழி. இதை நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

சொந்தமாக ஒன்று செய்துபார்க்கும் எண்ணம் அதற்குப் பிறகு வந்தது. மரம் முதலில் கிடைத்தது, திட்டம் பிறகுதான். தெருவில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்தார்கள். தேக்கு உத்திரம் ஒன்றில் அரைக் கன அடி அளவுக்கு ஒரு துண்டை வாங்கினேன். உடலுக்கு 50-க்கு 33-க்கு 4.5 செ.மீ., அதாவது கால் கன அடியைவிடக் கொஞ்சம் கூட. கழுத்துக்கு 75-க்கு 10-க்கு 3 செ.மீ., அது 0.08 கன அடி. மீதி சேதாரம். உத்திரத்தின் அகலம் போதாததால் உடலை மூன்று பலகையாக ஒட்ட வேண்டியிருந்தது. ரம்பத்தில் கொடுப்பதற்கு முன் 7 ஆணி பிடுங்கினோம்.

பழைய வீட்டு மரம் என்பது ஏழைக்கு ஏற்ற மாற்று வழி இல்லை. இந்த மாவட்டத்தின் கருவிக்காரர்கள் அதைத் தேடிப் போவார்கள். 2022-இல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் ஆச்சா மரத்தில் செய்வது. அதற்கும் பழைய வீடுகளில் பல்லாண்டு காய்ந்த ஆச்சாவைத்தான் விரும்புவார்கள். சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்த மரம் அது.

இந்தப் புது பேஸின் செலவு, பழையதின் கணக்கில் சேராதது, நோட்டில் தனிப் பக்கமாக உள்ளபடி:

தேக்கு உத்திரத் துண்டு – 1,400
உடைந்த ஈட்டிக் கட்டிலின் பக்கச் சட்டம் (விரல்பலகைக்கு) – 300
ரம்பம், இழைப்பு – 350
ட்ரஸ் ராடு, பார்சல் – 900
ஃப்ரெட் கம்பி, பார்சல் – 650
டியூனர் 4, பார்சல் – 1,600
பிரிட்ஜ், பித்தளைத் தகடு, லேத்தில் கடைந்த 4 உருளை – 400
காந்தமும் பிக்கப் கூடும், பார்சல் – 600
பாட், ஜாக், கெபாசிட்டர் – 275
திருகு, பசை, உப்புத்தாள் – 520
அரக்கு பாலிஷ் – 380
ஸ்ட்ரிங், பார்சல் – 1,550
ஆசாரி கூலி, 2 நாள் – 2,000
ஆக – 10,925

இதில் பார்சலில் வந்தது 5,300. ஊருக்குள் நடக்கிற தூரத்தில் கொடுத்தது 5,625. பாதிக்கு மேல். ஆசாரி, லேத் பட்டறை, காயில் பட்டறை, டிவி மெக்கானிக் கடை: இந்த நாலு பேர் இருக்கும் எந்த ஊரிலும் பேஸ் செய்யலாம் என்று இந்த இரண்டு எண்களை வைத்துத் துணிந்து சொல்வேன். நம்மிடம் இல்லாதவை ஐந்தே ஐந்து. அவையும் சிறிய பொட்டலத்தில் அடங்கும்.

பிக்கப் கம்பிக்கு இந்தப் பட்டியலில் வரி இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். 2018-இல் வாங்கிய சுருளிலேயே மிச்சம் இருந்தது. இந்த முறை நானே சுற்றினேன். 2,300-ஆவது சுற்றில் அறுந்தது. மறுபடி தொடங்கி 6,150-இல். மறுபடி 8,900-இல். தேவை 20,000 சுற்று, சுற்றியது 37,350. வீணான செம்பு 48 கிராம். முதல் முறை 55, இந்த முறை 55, வீண் 48 போக 250-இல் இன்னும் 92 கிராம் அலமாரியில் இருக்கிறது, இன்னொரு பேஸுக்குத் தாராளம். பட்டறை அண்ணன் ஒரு முறைகூட அறுக்காமல் முடித்தார் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

பணத்தைவிட நேரத்தைத்தான் கூர்ந்து எழுதினேன். கழுத்து 58 மணி, ஃப்ரெட் 31, உடல் 27, பாலிஷ் 20, பிக்கப் 16, கடைசிச் சீரமைப்பு 12. ஆக 164 மணி. ஆசாரியின் நாள் கூலி 1,000 ரூபாயை 8 மணிக்குப் பிரித்தால் மணிக்கு 125. அந்தக் கணக்கில் என் 164 மணியின் மதிப்பு 20,500. (தொழில் தெரிந்தவர் அதில் பாதி நேரத்தில் முடித்திருப்பார்.) பொருளும் கூலியும் சேர்த்தால் 31,425, அதில் மூன்றில் இரண்டு பங்கு நேரம். கடையில் இதைவிடக் குறைந்த விலைக்குப் புது பேஸ் கிடைக்கும். மறைக்க ஒன்றுமில்லை. விலைக்காகச் செய்தவன் ஏமாந்துபோவான். நான் செய்தது கழுத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. அது தெரிந்த பிறகு அடுத்தவர் கருவியைத் திறக்கக் கை நடுங்கவில்லை.

ஃப்ரெட்டுக்கான 31 மணியில் பாதி அளப்பதில் போயிற்று. பேஸின் தந்தி நீளம் 34 அங்குலம், 863.6 மி.மீ. லியோ ஃபெண்டர் 1951-இல் போட்ட அளவு இன்றும் அதுவே. மீதமிருக்கும் நீளத்தை ஒவ்வொரு முறையும் 17.817 ஆல் வகுத்துக்கொண்டே போனால் அடுத்த ஃப்ரெட்டின் இடம் வரும். முதல் ஃப்ரெட் 48.47 மி.மீ.யில். ஐந்தாவது 216.63. பன்னிரண்டாவது சரிபாதி, 431.8. இருபதாவது 591.58. முதல் ஃப்ரெட்டில் ஒரு மி.மீ. பிசகினால் சுருதி, ஓர் அரைச்சுரத்தை நூறாக்கினால் வரும் கூறில், 2 மட்டும் விலகும். இருபதாவதில் அதே ஒரு மி.மீ. 6 கூறுக்கு மேல் விலக்கிவிடும். மேலே போகப் போகக் கத்தி முனை. ஒருமுறை ரம்பம் இறங்கிவிட்டால் அந்தப் பள்ளத்தை நகர்த்த முடியாது.

அப்போதுதான் தஞ்சாவூர் வீணையைப் புதிதாகப் பார்த்தேன். பலா மரத்தில் குடமும் தண்டியும் கடைந்து செய்யும் அதிலும் 24 மெட்டு, அதாவது ஃப்ரெட், ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு வீதம். அசையாத மெட்டுகளோடு கூடிய இந்த அமைப்பை, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் மெட்டுகள் மரத்தில் அறையப்பட்டவை அல்ல. கரித்தூள் கலந்த மெழுகின் மேல் உட்கார்ந்திருப்பவை. வைப்பவரின் காதுதான் அளவுகோல். தவறினால் மெழுகை இளக்கி நகர்த்தலாம். வருடங்கள் கழிந்து மெழுகு தளர்ந்தால் கருவியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் மேளம் கட்டிக்கொண்டு வருவார்கள். அதை யாரும் பழுது என்று சொல்வதில்லை. வீணை வைத்திருப்பவர் வீட்டில் அது ஒரு வழக்கமான செலவு. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு வந்தபோது பேசியது மரத்தையும் சிற்ப வேலையையும்தான். எனக்கு அதில் மிகப் பெரிய அறிவாகப் படுவது இந்த மெழுகு. திரும்பவும் திறந்து சரிசெய்ய வேண்டிவரும் என்று தெரிந்தே செய்த கருவி அது.

சுருதிக் கணக்கு ஒன்றும் நோட்டின் ஓரத்தில் இருக்கிறது. மூன்று கட்டைக்குச் சேர்த்த வீணையில் சாரணியின் சட்ஜம் 165 ஹெர்ட்ஸ். கடைசித் தந்தியான அனுமந்தரப் பஞ்சமம் 62-ஐ ஒட்டி. அதற்குக் கீழே வீணை இறங்காது. பஞ்சமத்தின் கீழே அடுத்து நிற்க வேண்டிய சட்ஜம் எத்தனை என்று பார்த்தால், 165-ஐ நாலால் வகுத்து, 41.2. பேஸின் திறந்த ஈ தந்தி மிகச் சரியாக அதுவே. வீணை பஞ்சமத்தோடு நிறுத்திய இடத்துக்குக் கீழே உள்ள சட்ஜத்தில் பேஸ் தொடங்குகிறது. இதைக் கண்டுபிடித்த இரவு ஈ தந்தியை ஒருமுறை மீட்டிவிட்டு, அது அடங்கும் வரை தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். வயலினும் கிளாரினெட்டும் சரபோஜி மன்னர் காலத்துத் தஞ்சைக்கு வந்து இருநூறு வருடம் ஆகிறது. அந்நியக் கருவி என்று பேஸை ஒதுக்குகிறவர்களிடம் இந்த 41.2-ஐ எழுதிக் காட்டத் தோன்றும்.

தேக்கின் எடை ஒரு தொல்லை. என் பேஸைச் செய்து முடித்ததும் தூக்கிப் பார்த்தால் 5.5 கிலோ. பழையது 4.2 தான். பின்பக்கத்தில் குழி பறித்து 400 கிராம் எடுத்தேன். இரண்டு மணி நேரம் நின்று வாசித்தால் இடது தோள் இன்னும் சொல்லும்.

எட்டு வருடத்தில் மற்றவர்கள் கொண்டுவந்த கருவிகள் 23. இந்தப் பக்கம்தான் என்னை உலுக்கியது. ஜாக் அல்லது கேபிள் பழுது 11. வால்யூம் பாட் 4. கழுத்து வளைவு 5. தலைப்பகுதி முறிந்தது 2. பிக்கப் 1. கிட்டத்தட்டப் பாதி, ஒரு ஜாக் அல்லது விட்டுப்போன ஒரு ஈயப் புள்ளி. ஜாக் 60 ரூபாய். பாட் 90. கழுத்து வளைவு ஐந்துக்கும் ஆலன் கீயைத் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை. 23-இல் 7 கருவிகள் ஒரு வருடத்துக்கு மேல் பரணில் கிடந்தவை. ஒரு பையன் கொண்டுவந்த பேஸ் அவன் அப்பா பாடகர் குழுவில் வாசித்தது. அவர் போன பிறகு சத்தம் வரவில்லை என்று உறையிலேயே வைத்துவிட்டார்கள். திறந்தேன். ஜாக்கிலிருந்து ஒரு ஒயர் கழன்று நின்றது. பற்றவைக்க நாலு நிமிடம். அதுவரை அது நாலு வருடம் ஊமையாகக் கிடந்திருக்கிறது. அவன் ஈ தந்தியை அடித்ததும் அடுப்படியில் இருந்த என் அம்மா வெளியே வந்து பார்த்தார்.

சத்தம் வராத பேஸை யாரிடம் கொண்டுபோவது என்று எங்கள் சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் தெரிவதில்லை. வீணைக்குத் தஞ்சாவூர் இருக்கிறது, நாகஸ்வரத்துக்கு நரசிங்கம்பேட்டை இருக்கிறது, மிருதங்கத்துக்கு வார் பிடிக்கிறவர் இருக்கிறார். கிட்டாருக்குக் கடை மட்டுமே இருக்கிறது, அந்தக் கடை புதியதைத்தான் காட்டும். ஆகவே நான் ஒரு தகரப் பெட்டி தயார் செய்தேன். ஜாக் 5, பாட் 4, கெபாசிட்டர் 4, ஈயம் 50 கிராம், ஆலன் கீ ஒரு கொத்து, அரம் 2. சரக்கு மட்டும் 1,100 ரூபாய். பாடகர் குழுக்களில் வாசிக்கும் மூன்று பையன்கள் சனிக்கிழமை வருகிறார்கள். மூவருக்கும் ஈயம் வைக்கத் தெரிந்துவிட்டது, ஒருவனுக்கு ஃப்ரெட் தேய்க்கவும். காயில் பட்டறை அண்ணனும் ஒரு நாள் வந்து, தான் சுற்றிய பிக்கப் எப்படிப் பாடுகிறது என்று நின்று கேட்டுவிட்டுப் போனார்.

புது நோட்டின் பின்பக்கத்தில் முதல் வரி எழுதியாகிவிட்டது. பூதலூரிலிருந்து ஒரு பேஸ் வந்திருக்கிறது. கழுத்தில் 0.7 மி.மீ. வளைவு, ஜாக்கில் கரகரப்பு. கால் சுற்றாக மூன்று நாளில் மூன்று முறை நிமிர்த்த வேண்டும், ஒரேயடியாகத் திருகக் கூடாது. ஜாக் 60, ஈயம் 5. சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.